பதிவா, பத்திரிகையா? கட்டுரையை அனுப்பும் முன் போட வேண்டிய கணக்கு

வலைப்பதிவில் ஏற்றிவிட்ட கட்டுரையைப் பெரும்பாலான தமிழ் இதழ்கள் வாங்காது. பதிவர்கள் பலர் தங்களுடைய நல்ல பதிவு ஒன்றை எடுத்து, இரண்டு பத்தியை மாற்றி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. “இந்தப் படைப்பு வேறெங்கும் வெளிவராதது, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லாதது” என்று இதழ்கள் உறுதிமொழி கேட்கும். அந்த ‘வேறெங்கும்’ என்பதில் உங்கள் பதிவும் முகநூல் பக்கமும் அடக்கம். பதிவை அழித்துவிட்டு அனுப்பினாலும் தப்ப முடியாது. உதவி ஆசிரியர் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், யாரோ எப்போதோ பகிர்ந்த பிரதி வந்து நிற்கும். அதன் பிறகு அந்த இதழில் உங்கள் பெயருக்கு மதிப்பு இருக்காது.

ஆகவே முடிவை எழுதத் தொடங்கும் முன்பே எடுத்தாக வேண்டும். அதையும் கட்டுரைவாரியாக எடுக்க வேண்டும். ‘இனி பத்திரிகைக்கு எழுதலாமா’ என்று பொதுவாக யோசித்தால் நாள் போகுமே தவிர பதில் கிடைக்காது. ‘அடுத்து எழுதப்போகும் ஏற்காட்டுக் காபிக் கட்டுரையை எங்கே கொடுப்பது’ என்று கேட்டால் அரை மணி நேரத்தில் விடை வந்துவிடும். (எங்கள் எடுத்துக்காட்டுகள் எல்லாம் சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து.)

எது எங்கே போக வேண்டும்

அடிக்கடி திருத்த வேண்டியதெல்லாம் பதிவுக்கு உரியது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் நேரம், ஏரியில் படகுக் கட்டணம், அறை வாடகை, கோடை விழா நாட்களில் போக்குவரத்தை எந்த வழியாகத் திருப்பிவிடுகிறார்கள் என்பது போன்ற தகவல்களை அச்சில் கொடுத்தால், இதழ் கடைக்கு வரும்போதே பாதி பழசாகியிருக்கும். பதிவில் ஒரு எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். படிப்படியாகப் படம் போட்டுச் சொல்ல வேண்டிய செய்முறைகளும் இப்படித்தான். நாற்பது படத்துக்கு எந்த இதழும் இடம் தராது.

அடுத்த ஆண்டு படித்தாலும் கெடாத விஷயம் அச்சுக்கு உரியது. அதிலும் இணையத்தில் தேடிப் படிக்காத வாசகருக்கு வேண்டியதாக இருந்தால் இரட்டிப்பு நியாயம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு எப்படி உருவாகிறது, அம்மாபேட்டைத் தறிகளில் எத்தனை வீட்டில் இன்னும் சத்தம் கேட்கிறது, சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் எந்தச் சிறுதானியத்தை விட்டுவிட்டார்கள், எதை வைத்திருக்கிறார்கள் என்பன இந்த வகை. பட்டறைக்காரர் உங்கள் பதிவின் முகவரியைத் தட்டச்சு செய்து படிக்கப்போவதில்லை. சலூனில் கிடக்கும் வார இதழில் தன் தெருப்பெயர் வந்தால் நாலு பேரிடம் காட்டுவார். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களே படிக்கும் வாய்ப்பு அச்சில் அதிகம். சன்மானத்தைவிட இது பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்கள் எழுத்தில் வேறொருவர் கை வைப்பதைத் தாங்குவீர்களா? தலைப்பு மாறும். முதல் பத்தி போய்விடலாம். வார இதழ்களில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தால் கட்டுரையின் வால் வெட்டுப்படும். மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தும் பிரதி) பார்க்க உங்களுக்கு அனுப்புவது இலக்கிய மாத இதழ்களில் சில சமயம் நடக்கும். வார இதழில் எதிர்பார்க்கக் கூடாது. இதற்கு மனம் ஒப்பாத கட்டுரைகளை, உதாரணமாக அம்மாவைப் பற்றிய ஒன்றை, பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதழை அளந்து பார்ப்பது

எந்த இதழ் என்று முடிவுசெய்ய, அதன் கடைசி நான்கு இதழ்களாவது கையில் இருக்க வேண்டும். புதிய பஸ் நிலையக் கடைகளில் நடப்பு இதழ் கிடைக்கும். பழைய இதழ்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் போய் உட்காருவதுதான் வழி. ஆனந்த விகடன், குமுதம் போன்ற வார இதழ், பசுமை விகடன் போன்ற துறை இதழ், காலச்சுவடு, உயிர்மை போன்ற மாத இதழ், நாளிதழ்களின் இணைப்பு, சிற்றிதழ் என்று ஒவ்வொன்றும் வேறு சந்தை. மரவள்ளியில் மாவுப்பூச்சியைப் பற்றிய கட்டுரையை இலக்கிய இதழுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. ஆசிரியர் அதற்குப் பதில்கூடப் போடமாட்டார்.

புரட்டும்போது முதலில் பெயர்களைப் பாருங்கள். ஒரு இதழில் இருபது கட்டுரை இருந்து, பதினெட்டின் கீழே இதழின் நிருபர்கள், புகைப்படக்காரர்கள் பெயரே இருந்தால், வெளியாட்களுக்கு அங்கே இரண்டு இடம்தான். அந்த இரண்டும் எந்தப் பகுதி, எத்தனை பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரை அந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு பத்தியில் (செய்தித்தாள் பாணியில் நெடுக ஓடும் பத்தியைச் சொல்கிறோம்) தொடர்ந்து பத்து வரிகளில் உள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுங்கள். மூன்று பத்தி ஓடும் பக்கத்தில் வரிக்கு மூன்று, மூன்றரைச் சொல் வரும். வரிக்கு மூன்றரை, பத்திக்கு 40 வரி, மூன்று பத்தி என்றால் 420 சொல். தலைப்புக்கும் படத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால் 280. மூன்று பக்கக் கட்டுரைக்கு 840 சொல்தான் இடம். பதிவில் 1,800 சொல்லுக்குப் பழகிய கைக்கு இது இறுக்கமாகத்தான் இருக்கும். 840 கேட்கும் இடத்துக்கு 1,500 அனுப்பி ‘தேவைக்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம்’ என்று எழுதாதீர்கள். எதைச் சுருக்கக் கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ஆசிரியர், வெளியிடுபவர், அச்சகம் ஆகிய விவரங்கள் இருக்கும் கட்டத்தையும் படியுங்கள். ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று இருந்தால் அது சிற்றிதழ். பெரும்பாலும் சன்மானம் இருக்காது, பிரதி வரும். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பது அங்கேதான் நடக்கிறது. ஆயுள் சந்தா கட்டினால்தான் போடுவோம், ஐம்பது பிரதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

பருவம்

பதிவர்களுக்குப் பிடிபடாத கணக்கு இதுதான். பதிவில் இன்று பூத்ததை இன்று இரவே போடலாம். வார இதழுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரம் முன்பும், மாத இதழுக்கு இரண்டு மாதம் முன்பும் கட்டுரை கையில் போய்ச் சேர வேண்டும். மே மாத ஏற்காடு கோடை விழாவை ஒட்டிய கட்டுரை என்றால் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா என்றால் வைகாசி முடிவதற்குள். தீபாவளி மலருக்கு ஆடி, ஆவணியிலேயே பக்கங்கள் நிரம்பத் தொடங்கிவிடும்.

இதிலிருந்து வரும் சிக்கல் படத்தில்தான் தெரியும். மாம்பழக் கட்டுரையை மார்ச்சில் கொடுக்க வேண்டும். மார்ச்சில் மல்கோவாவும் இல்லை, குண்டு மாங்காயும் இல்லை, லீ பஜார்ப் பக்கம் குவியலும் இல்லை. காபி நவம்பர், டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பறிப்பு. பூப்பது கோடை மழைக்குப் பிறகு, மார்ச், ஏப்ரலில் சில நாள் மட்டும். பூவும் பழமும் ஒரே கட்டுரையில் வேண்டுமென்றால் ஒரு முழு ஆண்டின் படங்கள் தேவை. எனவே அச்சுக்கு எழுத விரும்புகிறவர் இந்தப் பருவத்தில் எடுப்பதை அடுத்த பருவத்துக்கென்று பதிவில் ஏற்றாமல் தனியே ஒதுக்க வேண்டும். ‘இருப்பு’ என்று ஒரு கோப்புறை, உள்ளே மாதவாரியாக. ஏழெட்டு விஷயம் அதில் சேர்ந்தால்தான் நீங்கள் பத்திரிகைக்கு எழுதத் தயார் என்று அர்த்தம்.

உரிமை

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால்தான் பத்திரிகையின் உடைமையாளருக்குப் போகும். வெளியிலிருந்து எழுதும் நீங்கள் அந்த வகையில் வரமாட்டீர்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-ஆவது பிரிவு. மின்னஞ்சலில் கட்டுரையை அனுப்பியதாலோ, ‘வெளியாகும் படைப்புகளின் உரிமை இதழுக்கே’ என்று அவர்கள் உள்பக்கத்தில் ஒரு வரி போட்டிருப்பதாலோ உங்கள் உரிமை போய்விடாது. அந்தப் பிரிவிலேயே இன்னும் இரண்டு பாதுகாப்பு உண்டு. எழுதிக்கொடுத்த தாளில் காலம் குறிக்கவில்லை என்றால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பணம் வரும் நேரத்தில். சன்மானத்துக்காக ஒரு படிவம் வரும்; வங்கி விவரம் எழுதி, கீழே கையெழுத்து. அதே தாளில் ‘அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாக’ என்று ஒரு வாக்கியம் இருந்தால், நீங்கள் போட்டது உரிமையை எழுதிக்கொடுக்கும் கையெழுத்து. தொகைக்காக அவசரப்படாமல் முழுக்கப் படியுங்கள். அந்த வாக்கியத்தை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, ‘ஒருமுறை அச்சிடும் உரிமை மட்டும்’ என்று எழுதி அனுப்பலாம். கேட்டால் பல இதழ்கள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தக் கட்டுரை பின்னாளில் உங்கள் நூலில் சேர வேண்டிய ஒன்றா என்று யோசித்து முடிவெடுங்கள். நூல் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருக்கிறவர் முழு உரிமையைக் கொடுக்கவே கூடாது.

பிரச்சினை வரும் முன்பே, கட்டுரை ஏற்கப்பட்டது என்ற பதில் வந்தவுடன், இப்படி ஒரு பத்தி அனுப்பிவிடுவது போதும்:

“இக்கட்டுரையை உங்கள் இதழில் ஒருமுறை அச்சிடவும், அதே இதழின் மின்வடிவத்தில் வெளியிடவும் சம்மதிக்கிறேன். காப்புரிமை என்னிடமே இருக்கும். இதழ் வெளியாகி 60 நாட்களுக்குப் பிறகு என் வலைப்பதிவிலும், பின்னர் என் நூலிலும், இதழின் பெயரைக் குறிப்பிட்டு வெளியிடுவேன். படங்கள் இக்கட்டுரையுடன் மட்டும் பயன்படுத்தப்பட வேண்டும்.”

60 என்பது பேசி முடிவுசெய்யக்கூடிய எண். வார இதழ் என்றால் 30 போதும். காலாண்டிதழ் 90 கேட்டால் நியாயம். இந்த ஒரு வரிதான் பதிவருக்கு உயிர்நாடி: கட்டுரை பதிவுக்குத் திரும்பி வரும் வழி அதில்தான் இருக்கிறது. படங்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இதழ்களின் படக்கிடங்கில் ஒருமுறை சேர்ந்த, ஏற்காட்டில் மேகம் மூடிய பகோடா பாயிண்ட் படம், இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் கட்டுரைக்குப் பெயரில்லாமல் போய் உட்காரும்.

பதிவு நடையிலிருந்து அச்சு நடைக்கு

ஜவ்வரிசி ஆலையைப் பற்றி ஒரு பதிவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பதிவு வடிவில் 1,800 சொல், 22 படம். கிழங்கு கழுவித் தோல் நீக்குவது, அரைப்பது, சல்லடையில் பால் வடிப்பது, தொட்டியில் மாவு படியவிடுவது, ஈரமாவைக் குலுக்கிக் குருணையாக்குவது, சூட்டில் வறுப்பது, களத்தில் காயவைப்பது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் இருக்கிறது. அதனால் எழுத்தில் ‘இப்படிச் செய்கிறார்கள்’ என்ற அளவிலேயே நின்றிருப்பார். அச்சில் நான்கு படம்தான். மீதிப் பதினெட்டுப் படம் செய்த வேலையைச் சொல் செய்தாக வேண்டும்: தொட்டியில் பால் எவ்வளவு நேரம் நிற்கிறது, மேலே தெளிந்த நீர் என்ன நிறம், குலுக்கும் ஆள் எதைப் பார்த்துப் பதம் அறிகிறார். இந்த விவரங்களுக்காக ஆலைக்கு இன்னொரு முறை போக வேண்டிவரும். பதிவைச் சுருக்கினால் அச்சுக் கட்டுரை வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இங்கேதான் இடிக்கும்.

இணைப்புகள் எல்லாம் போய்விடும். ‘இங்கே சொடுக்கவும்’ என்று சேகோசர்வ் வரலாற்றுக்கு அனுப்ப முடியாது. அந்தக் கூட்டுறவு அமைப்பு 1981-ல் தொடங்கியது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். அதோடு ‘போன பதிவில் சொன்னதுபோல’, ‘கீழே உள்ள படத்தில்’, ‘நேற்று’, ‘போன வாரம்’, சிரிப்புப் பொம்மைகள், ‘நண்பர்களே’ ஆகிய எல்லாவற்றையும் நீக்குங்கள். நாள் குறிப்பு வேண்டிய இடத்தில் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். முதல் மூன்று பத்தி பெரும்பாலும் தொண்டையைச் செருமிக்கொள்வதாக இருக்கும். நான்காவதிலிருந்து தொடங்கிப் பாருங்கள், எதுவும் குறைந்திருக்காது. வெட்டு கடைசியிலிருந்து விழும் என்பதால் முக்கியமான ஆளையும் எண்ணையும் முன்பாதியில் வைத்துவிட வேண்டும்.

வட்டாரச் சொற்கள் தனிக்கவலை. ‘ஒறம்பரை’ என்று எழுதினால் பிழை என்று நினைத்து ‘உறவினர்’ ஆக்கிவிடுவார்கள். பேச்சில் வரும் வட்டாரச் சொல்லுக்கு மேற்கோள் குறி போட்டு, கோப்பின் முடிவில் ‘இச்சொற்கள் வேண்டுமென்றே இப்படி எழுதப்பட்டவை’ என்று பட்டியல் கொடுங்கள். அதற்கு அடியிலேயே ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண்கள் எல்லாவற்றையும் ‘சரிபார்ப்புக்கு’ என்ற தலைப்பில் ஒருமுறை திரும்ப எழுதுங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் குழம்பும்போது அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்.

எண்களில் பதிவுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் பெரிது. பதிவில் தவறு இருந்தால் பின்னூட்டத்தில் ஒருவர் சொல்வார், திருத்திவிடலாம். அச்சில் போனது போனதுதான். ஏற்காட்டின் உயரம் என்று இடத்துக்கு ஒரு எண் கிடைக்கும். ஏரிக்கரை ஒரு உயரம், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி. எதன் உயரம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் வாசகர் கடிதம் வரும். ‘சேலம் மாவட்டம்’ என்ற பெயரிலும் இதே கண்ணி இருக்கிறது. தருமபுரி 1965-லும், நாமக்கல் 1997-லும் பிரிந்தன; கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1918-ல் வெளிவந்த மாவட்ட கெசட்டியரிலிருந்து (அரசின் மாவட்ட விவர நூல்) மழை, விளைச்சல், மக்கள்தொகைக் கணக்கை எடுத்து இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டால் கட்டுரை முழுவதும் தவறாகிவிடும். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் தாலுகா பெயரையும் எழுதுவதுதான் பாதுகாப்பு.

ஒருவர் மீது குற்றம் சொல்லும் வரி இருந்தால் ஒலிப்பதிவு, ஆவண நகல் எதையாவது கையில் வைத்துக்கொண்டே அனுப்புங்கள். அச்சில் ஆசிரியரும் வெளியிடுபவரும் சேர்ந்தே பொறுப்பாவதால் கட்டாயம் கேட்பார்கள்.

கோப்பு, எழுத்துரு, படம்

நீங்கள் அனுப்புவது யூனிகோட் கோப்பு. பல அச்சு அலுவலகங்களில் பக்கம் கட்டுவது இன்னும் பழைய எழுத்துருக்களில். உங்கள் உரையை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பார்கள். அந்த மாற்றத்தில் எழுத்து உடையும் இடங்கள் ஏறக்குறைய தெரிந்தவையே. ‘ஔ’ போட வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டியிருப்பது, ‘கௌ’வை ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருப்பது, துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருப்பது ஆகியவை திரையில் கண்ணுக்குத் தெரியாது. தேடலில் போட்டால்தான் அகப்படும். ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகக் குறியேற்றப்படுவதால் அதுவும் உடையும். ரோமன் எழுத்தில் இருக்கும் சொற்கள் பழைய எழுத்துருவுக்குப் போனதும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறும். எனவே கம்பெனிப் பெயர், செடியின் அறிவியல் பெயர் எதுவானாலும் தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள்; ரோமன் எழுத்து கட்டாயம் என்றால் அந்த இடத்தை வண்ணமிட்டுக் காட்டுங்கள்.

வேர்டு கோப்பும் அதே உரையின் பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புவது நல்லது. உடைந்த இடத்தை பிடிஎஃப்போடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். அட்டவணை, உரைப்பெட்டி, தடித்த எழுத்து, இரட்டை இடைவெளி எதுவும் வேண்டாம். பெட்டிச் செய்தி இருந்தால் ‘பெட்டிச் செய்தி’ என்று தலைப்பிட்டுக் கடைசியில் எழுதினால் போதும். ஒற்று மிகும் இடங்களை ஒருமுறை தமிழாசிரியர் யாரிடமாவது காட்டிவிடுங்கள். ஒற்றுப்பிழை நிறைந்த கோப்பு வந்தால் உதவி ஆசிரியருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பொறுமை இருக்காது.

படத்துக்கு விதி ஒன்று: அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு 1800க்கு 1200 பிக்சல். எட்டு அங்குல அகலத்துக்கு 2400. கைபேசியில் 4000க்கு 3000 என்று எடுத்த மூலப்படம் தாராளமாகப் போதும். ஆனால் பதிவுக்காகச் சுருக்கிய 800 பிக்சல் படம் அச்சில் மூன்று அங்குலம்கூட வராது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள் அல்லது கூகுள் டிரைவில் போடுங்கள். மட்டரகத் தாளில் மை பரவுவதால் படம் இருட்டடையும். ஏற்காட்டு மூடுபனிப் படங்கள் திரையில் அழகாக இருந்து அச்சில் சாம்பல் கட்டமாக விழுவது இதனால்தான். பனிக்கு நடுவே கருத்த மரமோ, நிறமுள்ள குடையோ இருக்கிற படத்தைத் தேர்ந்தெடுங்கள். எடுக்கும்போதே நெடுக்குவாட்டில் இரண்டு, மேலே தலைப்புக்கு வெற்றிடம் விட்டு ஒன்று எடுத்துவையுங்கள். முழுப்பக்கம் கிடைப்பது இத்தகைய படங்களுக்குத்தான். எஸ்டேட்டுக்குள்ளும் பட்டறைக்குள்ளும் எடுத்ததற்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இணையத்தில் வருமென்று சொல்லி எடுத்த படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் மறுபடி கேளுங்கள்.

முதல் மின்னஞ்சல்

பெரிய கட்டுரை என்றால் முழுதாக எழுதி முடிக்கும் முன் கேட்டுவிடலாம். கதை, கவிதைக்கு இது பொருந்தாது. முழுப் படைப்புதான் அனுப்ப வேண்டும். நீளம் இதைவிடக் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்:

“மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ஏற்காட்டில் காபி பறிப்புக் காலத்தில் மட்டும் மலையேறி வந்து வேலை செய்து திரும்பும் குடும்பங்களைப் பற்றி 800 சொல் கட்டுரை எழுத விரும்புகிறேன். மூன்று குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன்; பெயரும் படமும் வெளியிட ஒப்புதல் உண்டு. கடந்த பறிப்பில் எடுத்த பத்துப் படங்கள் இருக்கின்றன. உங்கள் இதழின் பயணப் பகுதிக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அக்டோபர் 10-க்குள் தர இயலும். இது வேறெங்கும் வெளிவரவில்லை. என் எழுத்துக்கு மாதிரியாக வலைப்பதிவிலிருந்து இரண்டு கட்டுரைகளின் முகவரி கீழே. நன்றி.”

மாதிரிக்கு இரண்டு போதும். உங்கள் பதிவுக்கு மாதம் எத்தனை பார்வை என்பதை எழுத வேண்டாம், அது அவர்களுக்கு உதவாது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் அடைபடும்.

பதில் இல்லாமை தமிழ் இதழுலகில் சாதாரணம். ஆறு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். மேலும் நான்கு வாரத்தில் அசைவு இல்லை என்றால், ‘இக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று தெளிவாக எழுதி அனுப்பிவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள், அல்லது பதிவில் ஏற்றுங்கள். திரும்பப் பெறும் அந்த மின்னஞ்சலை யாரும் அனுப்புவதில்லை; பின்னால் தகராறு வருவது அதனால்தான். இதழே நின்றுபோவதும் உண்டு. கல்கியே 2020-ல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. காலவரையறை இல்லாமல் ஒரு கட்டுரையை எங்கும் முடக்கி வைக்கக் கூடாது.

பத்தி அல்லது தொடர் எழுதக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். வார இதழ் என்றால் நான்கு அத்தியாயம் எழுதி முடித்து, மேலும் எட்டுக்குத் தலைப்பு கையில் இருந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள். காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும், மலைப்பாதையில் மண் சரிந்து போக முடியாமல் போகும். இதழுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான். அந்த மாதங்களில் பதிவு காய்ந்து கிடக்கும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பதிவுக்கு வந்துகொண்டிருந்த வாசகர்கள் ஆறு மாத மௌனத்துக்குப் பின் அப்படியே திரும்ப வருவதில்லை.

வந்த பிறகு

சன்மானம் உண்டா, எப்போது, எந்த வழியில் என்று ஏற்பு வந்தவுடன் கேட்பது தவறல்ல. வங்கி விவரமும் பான் எண்ணும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். ஒரு நிறுவனம் ஓராண்டில் தொழில்முறைக் கட்டணமாகத் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். இந்த வரம்பைத் தொடுகிற பதிவர் அரிது என்றாலும், சிறு தொகையையும் வருமானக் கணக்கில் காட்ட வேண்டும்.

இதழ் வந்ததும் மூன்று பிரதி வாங்குங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று கட்டுரையில் வரும் ஆளுக்கு, ஒன்று வெட்டி ஒட்ட. எழுத்தாளர் பிரதி தபாலில் வரும் என்று காத்திருந்தால் கடையில் தீர்ந்துவிடும். பக்கங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இதழின் பெயர், தேதி, பக்க எண், அனுப்பிய நாள், ஏற்ற நாள், உரிமை பற்றிய மின்னஞ்சல், பணம் வந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். அச்சில் பெரிய தவறு நேர்ந்திருந்தால் இரண்டு நாளுக்குள் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள்: பக்கம், பத்தி, இருப்பது, இருக்க வேண்டியது. முகநூலில் புலம்பிய பிறகு எழுதினால் திருத்தம் வராது.

60 நாள் முடிந்ததும் நீங்கள் அனுப்பிய முழு வடிவத்தை, அவர்கள் வெட்டியதையும் விட்டுப்போன பதினெட்டுப் படங்களையும் சேர்த்து, பதிவில் ஏற்றலாம். ‘இதன் சுருக்கமான வடிவம் இன்ன இதழில் இன்ன மாதம் வெளியானது’ என்று மேலே ஒரு வரி இருக்க வேண்டும். அவர்கள் பக்கம் கட்டிய வடிவத்தை ஸ்கேனாக ஏற்ற வேண்டாம். பக்க வடிவமைப்பும் ஓவியமும் உங்களுடையவை அல்ல. 45 நாளில் சன்மானம் வரவில்லை என்றால் கட்டுரையின் தலைப்பு, இதழ் தேதி, பக்க எண் குறித்து கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஆசிரியருக்கு நகல் வைத்து.